அண்ணன் நடந்த நான்கு நொடிகள்

ஜூலை 8, செவ்வாய்

தூறல். ரெயின்கோட் மூன்று நாளாகக் காயவில்லை. ஹடப்சர் ஆபீஸ் முழுக்க ஈரத்துணி வாடை.

தீவுப் படம். குழந்தைகளுக்கான அனிமேஷன், பசிபிக் தீவுகளின் பழங்கதை. படகில் தனியாக ஒரு சிறுமி, வழி தவறி ஒரு பாறைத்திட்டில் ஒதுங்குகிறாள். இறந்துபோன மூதாதையர் கடலுக்குள்ளிருந்து எழுந்து அவளை நோக்கி நடந்து வருகிறார்கள். பதினான்கு பேர். முன்னால் வருகிற கிழவர் என்னுடையவர். அவரை நடக்கவைப்பது என் வேலை. நான்கு நொடி. தொண்ணூற்றாறு பிரேம்.

எங்கள் டீம் லீட் நிகில் இன்று மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தான். "அரே வாஹ், இந்த ஆளுக்கு மட்டும் உடம்பு இருக்கு." மற்ற பதின்மூன்று பேருக்கு இல்லையாம்.

அது அண்ணன் நடை என்று சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மதியம் பத்து நிமிடம் வெயில். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

அண்ணன் நடையை எழுதி வைக்க வேண்டும், மறந்துவிடும்.

– இடது கால் தரையைத் தொடும் முன் சின்னத் தயக்கம். இரண்டு பிரேம்.
– வலது தோள் கொஞ்சம் மேலே. வலி தெரியாமலிருக்க.
– கை பாக்கெட்டைத் தேடும். படத்துக் கிழவருக்குப் பாக்கெட் கிடையாது. தொடையைத் தொடுகிறார்.
– மூன்றாவது அடியில் ஒரு பார்வை, யாராவது கவனிக்கிறார்களா என்று.

விபத்துக்குப் பின் வந்த நடை. பதினோரு மாதம் அப்படி நடந்தான். பிறகு நெஞ்சுவலியில் போய்விட்டான். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். போன வருடம்.

அவன் நடக்கும் வீடியோ ஒன்றுகூட இல்லை. எல்லாப் போட்டோவிலும் நின்றுகொண்டிருக்கிறான். அதனால் ஆபீஸ் கண்ணாடி அறையில் நானே நடந்து, ஆபீஸ் கேமராவில் என்னையே படம்பிடித்தேன். நாற்பது தடவை இருக்கும். கடைசித் தடவை கண்ணாடியில் நான் இல்லை.

பால் வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் வீடியோ கால். தீவிலிருந்து ஒரு அம்மாள், படத்துக்கு ஆலோசகர். பச்சை குத்தியது சரியா, துடுப்பு பிடிப்பது சரியா என்று பார்ப்பவர். என் ஷாட் ஓடியது. மறுபடி போடச் சொன்னார்.

"மற்றவர்கள் வரைந்த ஆட்கள். இவர் யார்?"

நிகில் சிரித்தான். "கேரக்டர்தான் மேடம்."

"இல்லை. இவர் யாரோ."

என்னை அறியாமல் மைக்கை ஆன் செய்திருக்கிறேன். என் அண்ணன் என்று சொல்லியிருக்கிறேன். இறந்துவிட்டான் என்றும்.

அந்த அம்மாள் திட்டவில்லை. எங்கள் வீட்டில் இறந்தவர்களை அப்படிச் சும்மா எழுப்பிக் கூட்டிவர மாட்டோம் என்றார். அண்ணனுடைய ஆட்களைக் கேட்டாயா? கேள். வேண்டாம் என்றால் வேறு நடை.

கால் முடிந்ததும் நிகில்: "பாகல் ஹை க்யா, பைத்தியமா? அடுத்த வெள்ளிக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்." பிறகு அவனே டீ வாங்கிக் கொடுத்தான்.

அண்ணனுடைய ஆட்கள். அம்மா அப்பா இல்லை. நானும் அண்ணியும்தான். நான் கேட்காமலே எடுத்துக்கொண்டவள். மிச்சம் அண்ணி. வீடு சாங்வியில். காரியத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல மழை. இரண்டு பஸ். அண்ணி வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்.

பெல்லைத் தொடும் முன் கதவு திறந்தது. அண்ணி ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். முகம் – எழுத வரவில்லை.

"நீயா."

"நான்தான் அண்ணி."

"படியில அப்படியா ஏறி வருவே?"

எப்படி ஏறினேன், தெரியவில்லை.

காபி. முறுக்கு. கோயம்புத்தூரை இன்னும் பேச்சில் வைத்திருக்கிறார். "அம்மிணிக்கு ஒரு வருசமா வழி தெரியலையாக்கும்."

"மழைங்க அண்ணி."

"வருசம் பூராவுமா?"

விஷயத்தைச் சொன்னேன். காட்டு பார்க்கலாம் என்றார். காட்ட முடியாது. படம் ஆபீசை விட்டு வெளியே வரக்கூடாது, உள்ளே போகும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

"பாக்காம எப்படிச் சரிங்கறது?" முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நீயே நட."

"இங்கயா?"

"உனக்குத்தான் தெரியுமில்ல. நட."

சோபாவிலிருந்து பால்கனிக் கதவு வரை. ஏழு அடி. வெறுங்கால், குளிர்ந்த தரை. திரும்பிப் பார்த்தால் அண்ணி கண்ணை மூடியிருந்தார். பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா."

நடந்தேன்.

"இன்னொருக்கா."

நான்காவது தடவை, நான் பாதி அறையில். கண்ணைத் திறக்காமல், மெல்ல: "மாத்திரை போட்டீங்ளா?"

கேட்டது என்னிடம் இல்லை.

நின்றுவிட்டேன். கால் சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"படத்துல வேண்டாம்."

"அண்ணி –"

"ஊரு ஒலகத்துப் பசங்க பாப்கார்ன் தின்னுட்டுப் பாக்கறதுக்கா? வேண்டாம் அம்மிணி. அழிச்சிரு."

திரும்பும்போது குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 16, புதன்

அழித்தேன். முதலில் பார்வை. பிறகு கை. பிறகு தோள். கடைசியாக அந்த இரண்டு பிரேம். மதியம் வரை ஆயிற்று.

இப்போது முதுகு நிமிர்ந்து நேராக நடக்கிறார். யாரோ ஒரு கிழவர். தீவு அம்மாளுக்கு அனுப்பியதற்குப் பதில் ஒரு வரி, நன்றி என்று. நிகிலுக்கும் திருப்தி. "சலேகா. இது போதும்."

கண்ணாடி அறை வீடியோக்களையும் அழித்தேன். நாற்பது இல்லை, ஐம்பத்திரண்டு.

கேண்டீன் வரிசையில் பின்னாலிருந்து நிகில்: "கால்ல என்ன ஆச்சு, விழுந்தியா?"

ஒன்றுமில்லை என்றேன். வலியும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டது. ஷாட் முடிந்து போய்விட்டது. கேக் வெட்டினார்கள், முட்டை இல்லாதது.

அழித்துவிட்டேன் என்று அண்ணிக்கு மெசேஜ். நான்கு மணிக்குப் பதில் வந்தது:

"சரி. ஞாயித்துக்கிழமை வா. அவர் செருப்பை எடுத்து வெச்சிருக்கேன். வெறுங்காலுல சத்தம் சரியா வரல."