டிஷ் திரும்பும் பதினோரு நிமிடம்

நாள் 212. 06:00
நடுநிலைக் கண்காணிப்பு நிலையம். காவலர்: ஆவுடைநாயகம். காற்றழுத்தம் சரி. சூரியப் புயல் அறிகுறி இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இந்தக் குறுங்கோளில் மேற்குச் சுரங்கம், கிழக்குச் சுரங்கம் என இரண்டு நாடுகள். புயல் வருமுன் இரண்டையும் எச்சரிப்பது என் வேலை. செய்தி அனுப்பும் டிஷ் ஒன்றுதான். பக்கம் மாற்றித் திருப்பப் பதினோரு நிமிடம் ஆகும். ஆகவே ஒரு புயலுக்கு மேற்கு முதலில், அடுத்ததற்குக் கிழக்கு. ஒருமுறை தவறினாலும் இரு நாட்டு ஒப்பந்தம் ரத்து. பேச்சும் இதே டிஷ்ஷில்தான்: காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு.

காவலருக்கு இரு பக்கமும் உறவு இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மேற்கில் தம்பி சுடலை. கிழக்கில் தங்கை கணவர் செங்கோடன்.

நாள் 219. 14:40
புயல். மேற்கின் முறை. மேற்கில் எல்லோரும் பதுங்கினர். கிழக்கில் வெளியே நின்ற நால்வர் இறந்தனர். விதிமீறல் ஏதுமில்லை.

செங்கோடன்: "ஏனுங்க மச்சான், நாலு உசுரு போச்சுங்க. நீங்க முறை பார்த்துட்டு உக்காந்திருந்தீங்களாக்கு."

நாள் 223. 08:15
கிழக்கு தன் பதுங்குகுழிகளை ஆழப்படுத்துகிறது.

சுடலை: "சண்டை நெனப்பு இல்லாதவன் எதுக்குண்ணே இம்புட்டு ஆழம் தோண்டுதான்?"

மேற்கு பீரங்கி செய்தது. அதைப் பார்த்த பிறகு, தோண்டியது சரிதான் என்று கிழக்குக்கு உறுதியாயிற்று.

நாள் 231. 19:00
போர். இரு தரப்பு அறிக்கைகளும் வந்தன. தற்காப்பு என்கின்றன. பெயர்களைத் தவிர வேறுபாடில்லை. ஒன்றை மட்டும் சேமித்தேன்.

நாள் 242. 18:30
இரு தரப்பும் என்னைச் சேரச் சொல்கின்றன. இரண்டுக்கும் ஒரே மறுப்பு அனுப்பினேன்.

சுடலை, காலையில்: "கிழக்குக்காரன் ஒங்கள தூக்கதுக்கு முன்னால நாங்க தூக்கணும்லா. கோவிச்சுக்காதிய."

செங்கோடன், மாலையில்: "நடுவுல நின்னா ரெண்டு பேருக்கும் குறுக்கதானுங்க மச்சான் நிக்கிறீங்க. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிர்றோம்."

நிலையத்தை மற்றவரிடமிருந்து காப்பாற்ற இருவரும் வருகிறார்கள்.

நாள் 243. 09:20
தொலைநோக்கியில் மேற்கே அறுபது பேர், கிழக்கே அறுபத்திரண்டு. முன்வரிசையில் சுடலை, செங்கோடன். எல்லோரும் திறந்த பாறையில்.

09:31
புயல். எட்டு நிமிடத்தில். இவ்வளவு வேகமாக இதுவரை வந்ததில்லை. வழியெல்லாம் பழைய குழிகள். இறங்க இரண்டு நிமிடம் போதும். கிழக்கின் முறை. காலை நேரம், டிஷ் மேற்கைப் பார்க்கிறது.

சுடலை: "யண்ணே, டீயப் போடுங்க. வந்துட்டோம்."

09:32
ஒரு சொல் போதும். சொன்னால் அறுபது பேர் பிழைப்பார்கள். தம்பி பிழைப்பான். நான் மேற்காகிவிடுவேன். தங்கைக்கு என்ன சொல்ல—

முறை கிழக்குடையது.

09:33
கிழக்குப் பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டேன்.

சுடலை: "என்னண்ணே பதிலக் காணோம்? கோவமா இருக்கிய—"

துண்டிப்பு.

09:37
மோட்டார் நன்றாக ஓடுகிறது.

09:39
புயல். டிஷ் எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை.

09:44
டிஷ் கிழக்கில். எச்சரிக்கை அனுப்பினேன். மூன்று முறை. பதில் இல்லை.

விதிப்படி அடுத்து மேற்கு. திருப்புகிறேன்.