"போ" என்றதன் மிச்சம்

எசன்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆதிரைக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி கவிசாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. நீ டிரெஸ்டனில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் அதுவே என் சுகம்.

என் முழங்கால் நோவுக்கு வியாழக்கிழமை டாக்டரிடம் டெர்மின் கிடைத்திருக்கிறது, கவிசா கூட்டிக்கொண்டு போவாள், அவளுடைய அவுஸ்பில்டுங் தொழில்படிப்பு தையில் முடிகிறது. போன கிழமை அவள்தான் அழுதழுது சொன்னாள், அப்பா கடைசியாக உன்னைப் "போ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாயாம். அதுதான் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தும் ஒருத்தரோடும் கதைக்காமல் இருந்தாயோ? ஐயோ பிள்ளை, என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே.

ஆஸ்பத்திரியில் அவர் உன்னைத் தன்னோடு நிற்கச் சொன்னார், டிரெஸ்டனில் படிப்புச் சோதனை இருக்குது, ஏலாது என்று நீ வெளிக்கிட்டாய், அவருக்குக் கோபம்தான். ஆனால் நீ ரயிலிலிருந்து போன் எடுத்தபோது எல்லாம் ஆறிவிட்டது. அவர் சொன்னது "போட்டு வா", போய்விட்டு வா என்றுதான். எங்கள் சனம் ஆரையாவது வெறும் "போ" என்று அனுப்புமா? போன் அலை கட்டடங்களில் பட்டுப் பல வழியால் வரும், ஒன்றையொன்று அழித்தால் குரல் மங்கும், ஒரு அடி தள்ளி நின்றால் திரும்பக் கேட்கும் என்று நீதானே எங்களுக்குப் படிப்பித்தாய். உன்னோடு கதைக்கும்போதெல்லாம் குசினிக்கும் யன்னலுக்குமாக அடியடியாய் நகர்ந்து திரிவாரே. அன்றைக்குக் கையில் சேலைன் ஊசி, அவருக்கு ஒரு அடியும் நகர ஏலாது, அதுதான் உனக்கு "போ" மட்டும் வந்து சேர்ந்தது.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். லைன் அறுந்ததை நான் திரையில் பார்த்துவிட்டேன், அவர் காணவில்லை, போனை நெஞ்சில் வைத்தபடி கதைத்துக்கொண்டே இருந்தார். சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று நான் பேசாமல் இருந்தேன், திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கலாம், மறுநாளே போய்விடுவார் என்று நான் கண்டேனா. அந்தப் பிழை என்னுடையது, உன்னுடையது இல்லை. அவர் கதைத்தது இதுதான்: நீ சோதனையைத் திறமாய்ச் செய்யட்டாம், தான் கத்தினதை மனதில் வைத்திருக்க வேண்டாமாம், குளிர் ஜாக்கெட்டைக் கதிரையில் விட்டிட்டுப் போய்விட்டாயாம், திரும்பி வரும்போது ஸ்டேஷனுக்குத் தானே வருவாராம். கடைசியில், "கேக்குதோ பிள்ளை?" என்று கேட்டார். உனக்காக நான்தான் "ஓம், கேக்குதாம்" என்றேன். சிரித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

நல்லூரான் உனக்குத் துணை நிற்பான், நீ ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய். ஜாக்கெட்டைத் தோய்த்து வைத்திருக்கிறேன். மாசியில் அப்பாவின் முதல் வருஷ ஆட்டைத்திவசம், மறந்துவிடாதே. வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நீயே ஒருதரம் "ஓம், கேக்குது" என்று சொல்லு.

உன் அம்மா
இராஜேஸ்வரி