வேண்டிக்கொண்டவளின் கால்

செப்டம்பர் 10, புதன்

வேளாங்கண்ணிக்கு நடந்து போய்விட்டு, இன்று காலை பஸ்ஸில் எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பினோம். போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து இவர் கால் முறிந்தபோது, குணமானால் வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டது நான். இவர் செருப்பு போட்டுக்கொண்டு துணைக்கு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை தன் மகனை நாற்காலியில் உட்காரவைத்துக் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தார். "எம்புள்ள காலு எப்டி வீங்கிக்கீது பாரு" என்று கண் கலங்கினார். சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்து, தாடி மழித்து, நகம் வெட்டிவிட்டார்கள். வெந்நீர் வைத்தது நான்.

சிதம்பரம் தாண்டியதுமே என் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. வெந்நீரை வாளியில் ஊற்றியபோது வலி பொறுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டு கால்களையும் உள்ளே விட்டேன்.

அத்தை ஓடிவந்தார். "இன்னாம்மா இது? அவன் குளிக்க வெச்ச தண்ணியாச்சே!"

"வேற வெச்சிக்கலாம் அத்தை."

இவரும் வந்து என் விரலைப் பார்த்தார். "செருப்பு போட்டுக்கினு நடன்னேன். கேட்டாதானே" என்றார்.

என் வேண்டுதல் இவருக்குத் தெரியாதா? தண்ணீர் ஆறும்வரை நான் காலை எடுக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். "காலு சரியானா நடந்தே வரேன்னு வேண்டிக்கினேன். முடிச்சிட்டேன்" என்று இவர் சொன்னது சமையலறைவரை கேட்டது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாதாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன?