வரவேற்பறையிலிருந்து வந்த உன் பெயர்

ஆஸ்பத்திரியின் பழைய நிரல்களைப் புது சர்வருக்கு மாற்ற வந்தவர் இன்று காலை சோதனைக்காகத் தவறான கடவுச்சொல்லைத் தட்டினார். "உள்நுழைய முடியவில்லை. கணினிப் பிரிவை அணுகவும்" என்று திரையில் வந்தது.

"மேடம், என்ன தப்புன்னு தெளிவா சொல்ற மாதிரி மாத்திடலாமா?"

"வேண்டாங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அந்த வரியை எழுதியது நீ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் அப்போது நாம் இருவர்தான் கணினிப் பிரிவு. கணவனின் அடிக்குத் தப்பி வந்து நீ ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் உன் அக்கா போன் செய்தார். அவன் திருச்சிக்கு வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக உன்னைத் தேடுகிறானாம்.

"ரிசப்ஷன்ல சொல்ல மாட்டாங்கடி. நம்ம சர்வர் சொல்லிடும்" என்றாய்.

அவனும் நம் தொழில்தான். எங்கு வேலை பார்த்தாலும் நீ வைத்துக்கொள்ளும் பயனர் பெயர் அவனுக்குத் தெரியும். வரவேற்பறையில் உட்கார்ந்து நம் வைஃபையில் அதையும் ஏதோ ஒரு கடவுச்சொல்லையும் போட்டால், நீ இருந்தால் கடவுச்சொல் தவறு என்று வரும். இல்லாவிட்டால் அப்படி ஒரு பயனரே இல்லை என்று வரும்.

"பேரை மாத்திடேன்."

"மாத்தலாம். அதையும் ஊகிச்சுட்டான்னா?"

எந்தத் தவறுக்கும் ஒரே பதில் வரும்படி மாற்றினாய். அவசரத்தில் எழுத்துகள் பிழையாக விழுந்தன; நான் படித்துச் சொல்ல, நீ திருத்தினாய்.

அன்று மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோது, யார் உள்நுழைய முயன்றாலும் காட்டும் பதிவுத் திரையில் உன் பெயர் ஓடியது, வரவேற்பறையிலிருந்து. மறுபடியும் ஓடியது. பிறகு, வீட்டில் உன்னைக் கூப்பிடும் செல்லப்பெயர். நீ எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"மேல வருவானாடி?"

திரையில் அதற்குமேல் எதுவும் ஓடாதபோதுதான் நான் கீழே வரவேற்பறைக்கு இறங்கினேன். ஒருவன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். வெளியே போய் ஆட்டோவில் ஏறினான்.

அதன்பின் அவன் வரவேயில்லை. நீ இங்கேயே வேலை பார்த்தாய், சிரித்தாய். ஆனால் வாசலுக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய். ஓயாமரி சுடுகாட்டில் உன் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதபோது, அவன் வந்திருக்கிறானா என்று நான் வந்திருந்த ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்காக அழக்கூட அந்தப் பயம் விடவில்லை.

இன்னும் விட்டபாடில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் யாராவது உன் பெயர் சொல்லி யாரையோ கூப்பிட்டால், அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்று காட்டிவிடாமலிருக்க, நான் திரும்பிப் பார்ப்பதில்லை.