வண்டியில் எவ்வளவு, கையில் எவ்வளவு

மார்ச் 3, திங்கள்

இன்று இரண்டு தட்டு முட்டை போச்சு. பேக்கரி வளைவில் வண்டி தானாகவே இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கிவிட்டது. தானாகத்தான். நான் ஸ்டீயரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தேன். பேக்கரிக்காரர் வெளியே வந்து, பின்கதவிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னங்க, வர்ற வழியிலயே ஆம்லெட் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

என் நேரம், மகன் பைக்கில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். சாப்பிட உட்காரும்போது ஆரம்பித்தான். "அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேணாம். மாசக் கடைசிக்குள்ள வண்டியைக் கொடுத்துடலாம். வாங்கிக்க ஆள் இருக்கு."

ஆள் இருக்காம்! இந்த பிக்கப் வண்டி வந்த பிறகுதான் இந்த வீட்டில் முட்டை வியாபாரம் என்று ஒன்று உண்டானது. காலையில் ஆறு மணிக்கு நான் சாவியைத் திருப்பவில்லையென்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு கேக் கிடையாது. வீடே அதிரக் கத்தினேன். மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அவன் கட்சிதான் என்று அப்போதே புரிந்தது. மருமகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தால் எனக்குக் கை உதறும். இன்றும் உதறியது. கோபத்தில்தான்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. இன்று உடைந்தது மூன்று முட்டைதான். யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

மருமகள் இன்று காலை தானாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். "நானும் வர்றேன் மாமா. கடைக்குப் பத்து மணிக்குப் போனா போதும்."

அவள் வேலை செய்வது, சக்கரங்கள் கோணாமல் நேராக ஓடுகிறதா என்று பார்த்துச் சரி செய்கிற வீல் அலைன்மென்ட் கடையில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். ஒரே பைக்கை வைத்துக்கொண்டு, நாலு சக்கர வண்டிகளுக்கு மட்டும் அலைன்மென்ட் பார்க்கிற கடைக்கு வாரா வாரம் போய் நின்ற ஒரே ஆள் என் மகன்தான். அப்படி வந்த மருமகள்.

எல்லாக் கடையிலும் இறக்கி முடித்த பிறகு, காலியாகக் கிடந்த மைதானத்தில் நிறுத்தச் சொன்னாள். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு என்னை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொன்னாள். அவள் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. "இன்னும் திருப்புங்க. இன்னும். நிறுத்துங்க... மாமா, நீங்க மேல இவ்வளவு திருப்பறீங்க. சக்கரத்துக்கு இன்னும் சேதியே வந்து சேரல!"

இறங்கி நானும் படுத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. இரும்பும் இரும்பும் உரசாமல், சக்கரம் தன் இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஸ்டீயரிங் போகிற வழியிலும் அதே மாதிரி ஒன்று. எல்லாம் பழைய செருப்பு மாதிரி வெடித்துக் கிடந்தன. ஒன்றில் ரப்பரே இல்லை, கறுப்புத் தூள்தான் கொட்டியது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வண்டி கெட்டுப்போனதற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஓனர் நான்தான்.

சாயங்காலம் அவளே மகனிடம் பேச்செடுத்தாள். "வண்டியில எவ்வளவு தப்பு, கையில எவ்வளவு தப்புன்னு இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. நானே ஓட்டினாலும் இழுத்துக்கிட்டுத்தான் போகுது. முதல்ல வண்டியைச் சரி பண்ணுவோம். மத்தது அப்புறம்."

"சரி பண்ணியும் இப்படியே இருந்தா?"

"அப்ப மாமாவே சொல்வாங்க."

மகன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வண்டியை ஏற்றி நிறுத்தி, முன்பக்கத்தைப் பிரித்தாகிவிட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டேன் என்று மருமகள் கடையிலிருந்து வண்டியைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்ட் கொண்டுவந்திருந்தாள். பின் சக்கரத்துக்குக் கட்டை. பிறகு வண்டியைத் தோளால் இடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை என்றான பிறகுதான் அடியில் போனாள்.

கழற்றுவதற்கு முன்னால் தன் நகச்சாயத்தை எடுத்துவந்து, எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று சிவப்புக் கோடாகப் போட்டுக்கொண்டே போனாள். "இதை நான் விரல்ல போட்டதே இல்ல மாமா. கடையில இதுக்காகவே வாங்கினேன்."

ஒரு போல்ட் துருப்பிடித்து வர மாட்டேன் என்றது. நானாக இருந்தால் சம்மட்டியைத் தூக்கியிருப்பேன். தூக்கியும் விட்டேன். "சம்மட்டி எங்கயும் ஓடிப் போகாது மாமா, வைங்க." எண்ணெய் விட்டாள். டீ குடித்தாள். மறுபடி எண்ணெய் விட்டாள். பிறகு ஸ்பானரை மாட்டி, பிடிவாதம் பிடிக்கிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "வா செல்லம், வந்துடு, வேலை கிடக்கு" என்று கொஞ்சிக்கொண்டே கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். வந்துவிட்டது! நான் கொஞ்சினால் என் பேச்சை இந்த வீட்டில் எதுவும் கேட்பதில்லை.

பழைய புஷ்ஷை வெளியே எடுத்ததுதான் வேடிக்கை. ஒரு குழாய்த் துண்டு, நீள போல்ட், நாலைந்து வாஷர். ஒரு பக்கம் நட்டை முறுக்க முறுக்க, மறு பக்கம் புஷ் கடைவாய்ப் பல் மாதிரி முனகிக்கொண்டு வெளியே வந்தது. அடி கிடையாது, உதை கிடையாது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நிஜமாகவே பிளந்துகொண்டு. மனைவி வந்து, "ஈ போயிடப் போகுது" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

வண்டி இல்லாததால் மகன் பைக்கில் முட்டை கொண்டுபோனான். ஒரு தட்டு முழுக்கக் காலி. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 12, புதன்

புது ரப்பரை உள்ளே தள்ள மருமகளுக்கு கிரீஸ் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும் என்றாள். சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வந்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. "என் சோப்பு, உன் பேரா?" என்று மனைவி கேட்டாள். "அத்தை சோப்புதான் இந்த வண்டியையே ஓட்டப் போகுது" என்று ஒரு போடு போட்டாள் மருமகள். அத்தைக்கு முகமெல்லாம் பல்.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரு கூத்து செய்துவிட்டேன். மருமகள் கடைக்குப் போயிருந்த நேரம், சும்மா இருக்க முடியாமல், அவள் விரலால் மட்டும் முறுக்கி விட்டிருந்த போல்ட்டுகளை எல்லாம் பெரிய ஸ்பானரைப் போட்டு இறுக்கி வைத்தேன். வந்து பார்த்துப் பாராட்டுவாள் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள், பார்த்தாள், சிரித்தாள். கோபமே இல்லை. "நல்லா பலமா இறுக்கியிருக்கீங்க மாமா. ஆனா வண்டி அந்தரத்துல இருக்கே." பிறகு கையை வைத்துச் செய்து காட்டினாள். புஷ்ஷில் இருக்கும் ரப்பர் உருளாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் ஏறி, வண்டி எப்போதும் நிற்கிற உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் எனக்கு இது தெரியாது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தினாள். நானும் கூட உட்கார்ந்து தளர்த்தினேன். இன்னொருத்தராக இருந்தால் எனக்கு முகத்தைக் காட்டவே வெட்கமாக இருந்திருக்கும். இவளிடம் ஏனோ இல்லை.

மார்ச் 14, வெள்ளி

சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகைகளை வைத்து வண்டியை இறக்கினோம். ஓட்டுபவர் எடையும் வேண்டும் என்று மருமகள் என் மனைவியை என் இடத்தில் உட்கார வைத்தாள். "எடை எவ்வளவுன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே விளக்கைப் பிடித்தேன். அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் போடுகிற ஸ்பானர் மருமகளிடம் இருக்கிறது. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சிவப்புக் கோடு. இறுக்கிய போல்ட்டில் கோடு இருக்கும். கோடு இல்லாத போல்ட் ஒன்று கூட இல்லை என்று கடைசியில் விளக்கை வாங்கித் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது இந்தப் பெண்ணுக்கு? முகத்தில் கறுப்புத் தூள், தலைமுடியில் துரு. எனக்குப் பெண் இல்லையே என்று முன்பெல்லாம் ஒரு குறை இருந்தது. எப்போது அது போனது என்று தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று மருமகள் கடையில் அலைன்மென்ட். இன்று ஊர்வலம். நான் ஓட்ட, பக்கத்தில் மகன். பேக்கரி வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் போனேன். கோடு போட்ட மாதிரி திரும்பியது. மகன் வீட்டுக்கு வந்ததும் எல்லார் முன்னாலும், "வண்டிதான்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். வாங்க வருவதாகச் சொன்ன ஆளுக்கும் அவனே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஜெயித்துவிட்டேன்!

மார்ச் 19, புதன்

காலையில் தனியாகப் போனேன். முழு லோடு. ரயில் பாதையை ஒட்டி நேரான சாலை. வண்டி சொன்னபடி கேட்கிறது. கேட்கிறதுதான். ஆனால் ஸ்டீயரிங் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஏதாவது போல்ட் தளர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். மருமகள் வேலையில்! நினைத்ததற்கே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்தேன். ஸ்டீயரிங் அசையாமல் நின்றது. கையை வைத்தேன், ஆடியது. எடுத்தேன், நின்றது. மறுபடி வைத்தேன் —

இப்ப கோபம் இல்லையே. யார் மேலயும் கோபம் இல்லையே. அப்புறம் ஏன் உதறுது?

முன்பு புஷ் தேய்ந்த இடைவெளியிலேயே இந்த நடுக்கமெல்லாம் காணாமல் போயிருக்கும். இப்போது இடைவெளியே இல்லை. கை செய்வதெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாள்.

ஒரு முட்டை கூட உடையவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் சொன்னால்தான் உண்டு.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை. இன்றும் ஓட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

லோடு இறக்கியதும் நேராக மருமகள் கடைக்குப் போனேன். மெதுவாக, மிக மெதுவாக. ஒரு காருக்கு அடியிலிருந்து வந்தாள். சாவியை அவளிடம் நீட்டினேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. மிச்சம் இருக்கிறதெல்லாம் கையிலதான்."

'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பித் தொலைத்திருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மறு கையையும் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"தெரியலம்மா. வண்டி சரியான பிறகுதான் தெரிஞ்சுது."

"இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம்." திரும்பிக்கொண்டாள். கையிலிருந்த கடைத் துணியாலேயே கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. "நான் வண்டிதான்னு நம்பினேன் மாமா."

"வண்டியும்தானேம்மா. பாதி சரியா சொல்லிட்டே."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. எனக்கும்தான். கடை முதலாளி ஏதோ சாவு வீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

மகனுக்கு நானே சொன்னேன். சாவியை அவன் முன்னால் வைத்தேன். இந்த மாத ஆரம்பத்தில் இதே சாவியை அவன் பிடுங்கியிருந்தால் செத்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். அவன் சாவியைத் தொடவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும்பா" என்றான்.

ஏப்ரல் 9, புதன்

மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஸ்டீயரிங் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்கவில்லை. காலையில் மருமகள் ஓட்டுகிறாள், லோடு இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிறாள். நான் பக்கத்து இடத்தில். அங்கே எனக்கு பிரேக் இல்லை என்பது கால்களுக்கு இன்னும் புரியவில்லை. முதல் வாரம் முழுக்கத் தரையை மிதித்துக்கொண்டே போனேன். "தரை ஓட்டையாயிடும் மாமா" என்கிறாள். வளைவில் அவள் கொஞ்சம் சீக்கிரமாகத் திருப்புகிறாள் என்று சொன்னேன். மறுநாள் சரியாகத் திருப்பினாள். எனக்கு அன்று முழுக்கப் பெருமை.

இன்று வழியில் தூங்கிப்போய்விட்டேன். என் வண்டி ஓடும்போது நான் தூங்கியது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. மடியில் ஒரு தட்டு முட்டை வேறு. கண் விழித்தால் எல்லாக் கடையிலும் இறக்கியாகிவிட்டது. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை. மடியில் தட்டு அப்படியே இருந்தது.

பதறிப்போய், "இது யாருக்கும்மா? குடுக்காம விட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"அது நம்ம வீட்டுக்கு மாமா. பாத்து இறங்குங்க, எனக்குக் கடைக்கு நேரமாச்சு."