ஸ்கேன் அன்று டாடி குடித்த டீ

பெங்களூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள ஆஞ்சலா அக்காவுக்கு,

உன் தங்கை சிந்தியா எழுதுவது. நீயும் டிரேவர் மாமாவும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

இந்தக் கடிதம் நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூட விலாசத்துக்கு வருகிறதே என்று ஆச்சரியப்படாதே. வீட்டுக்கு அனுப்பினால் உன் மாமியார் முதலில் பிரித்துவிடுவார்கள். போனிலும் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டால் டாடி ஸ்பீக்கரில் போட்டு எல்லாரையும் சுற்றி உட்காரவைக்கிறார். மம்மியின் போனை எடுத்தால் மம்மி பக்கத்திலேயே நிற்கிறார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. டாடிக்கு நெஞ்சில் பிரச்சினை இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று மம்மி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "வயித்துல பிள்ளைய வெச்சிருக்கிறவ காதுல கெட்ட சேதியப் போடாதடி, அது பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும்" என்றார்கள். அப்படி ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் அதைவிடப் பெரிதாக ஏதோ ஆகிவிடும் போலிருக்கிறது.

உனக்காக முன் அறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. லைட்டான மஞ்சள் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். சுவரில் பூசிய பிறகு பார்த்தால் பழுத்த பாதாமி மாம்பழ நிறம்! மம்மி இரண்டு நாள் டாடியோடு பேசவில்லை. போன வாரம் டாடி சிவாஜிநகரில் தொட்டில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தார். நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றதற்கு, "உங்க அக்காவையே இந்தத் தோள்ல தூக்கினவன்டி நானு, தள்ளு" என்று சிரித்துக்கொண்டே மாடி ஏறினார். படி திரும்புகிற இடத்தில் சிரிப்பு நின்றது. தொட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. சட்டைப் பையிலிருந்து டாக்டர் கொடுத்திருந்த சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி உக்காந்தத மம்மிகிட்ட சொல்லாத, கண்ணு" என்றார்.

ஈஸ்டர் சமயத்திலிருந்தே இது இருக்கிறது. துணிக்கடையில் மேல்மாடிக்குக் கட்டுகளைத் தூக்கும்போது நெஞ்சு இறுக்குமாம். மம்மிக்குக் கான்வென்ட் சமையலில் லீவு கிடைக்காததால் ஆஸ்பத்திரிக்கு டாடியோடு நான்தான் போனேன். டாக்டர் அம்மா நல்லவர்கள். டாடியிடம் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார்கள். ஈசிஜியில் கோடுகள் ஏற்கெனவே மாறியிருப்பதால், டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தால் மட்டும் ஒன்றும் தெளிவாகத் தெரியாதாம். சிடி ஆஞ்சியோ என்று ஒன்று இருக்கிறது, இதயத்தின் ரத்தக்குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது என்று காட்டுமாம். ஆனால் அதற்கு ஏற்றுகிற மருந்து கிட்னிக்கு ஆகாது. டாடிக்குத்தான் சர்க்கரையால் கிட்னி பலவீனமாயிற்றே. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பதற்கும் அதே மாதிரி மருந்துதானாம். அதனால் முதலில் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்துவிடலாம், அது எப்படி வருகிறதோ அதைப் பார்த்து மற்றதை முடிவு செய்யலாம் என்றார்கள்.

"சிடியில் குழாயைப் பார்ப்போம். இதில் எந்த வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை என்று பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னார்கள். அதற்கு டாடி, "மேடம், எங்க தெருவுல குழாயெல்லாம் ஜோராத்தான் இருக்கு, காவேரிதான் வர்றதில்ல" என்றார். டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அன்றைக்குப் பயம் போய்விட்டது. ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் வாசல் வரை வந்து சொன்னார்கள்.

பயம் திரும்பி வந்தது நர்ஸ் பேசின பிறகுதான். ஸ்கேனுக்கு முந்தின நாளிலிருந்து டீ, காபி, சாக்லேட் எதுவும் கூடாது, அது உள்ளே இருந்தால் இதயத்தின் ரத்தக்குழாயை விரிக்கக் கொடுக்கிற மருந்து வேலை செய்யாது என்றார்கள். டாடி தலையாட்டினார். பிறகு, வீட்டில் கர்ப்பிணிகள், கைக்குழந்தை யாராவது உண்டா என்று கேட்டார்கள். ஊசியில் போடுகிற மருந்தில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், அதனால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் அவர்கள் பக்கத்தில் போக வேண்டாம், பிறகு ஒன்றுமில்லை, ஒண்ணுக்கோடு வெளியே போய்விடும் என்றார்கள். டாடி அதற்கும் தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போதுதான், "அதெல்லாம் சும்மா சொல்றாங்க. உள்ள போனது எப்படி முழுசா வெளிய வரும்?" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து விளக்கிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்கேன் நாள் வந்தது. மம்மி வீட்டில் டீத்தூள் டப்பாவையே ஒளித்துவைத்திருந்தார்கள். நான் கவுன்ட்டரில் சீட்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் டாடியைக் காணோம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார். கையில் கிளாஸ். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே டெக்னீஷியன் டீ குடித்தீர்களா என்று கேட்பதற்கு முன்பே, "குடிச்சிட்டேன் சார்" என்றார். அன்றைக்கு எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மறந்துபோய்க் குடித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வந்ததும் அவரே சொன்னார்: "உங்க அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர்றா. அவ வந்து இறங்குறப்போ நான் உடம்பு பூரா விஷத்த ஏத்திக்கிட்டு நிக்கணுமா? பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகட்டும், அப்புறம் எந்த மிஷின்ல வேணாலும் படுக்கறேன்." மெஷின் ரிப்பேர் என்று மம்மியிடம் சொல்லச் சொல்லி, மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது அந்தச் சத்தியத்தையும் மீறித்தான் எழுதுகிறேன்.

மறுபடியும் தேதி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நீ வருகிற சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் டீ குடிப்பார், எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மாடி ஏறினால்தான் வலிக்கும். இப்போது குளித்துவிட்டுத் தலை துவட்டினாலே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு ஸ்கூல் லீவு போட்டு, நானே போய் இதை டாக்டரிடம் சொல்லப்போகிறேன். ஆனால் ஸ்கேனுக்கு அவராக வந்து படுத்தால்தானே உண்டு?

நீ சொன்னால் கேட்பார். நீ சொல்லித்தானே சிகரெட்டையே விட்டார். ஆனால் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறேன் என்று மட்டும் சொல். நீ இங்கே இல்லை என்று தெரிந்தால் அவருக்குச் சாக்கு இருக்காது; நீ வருவதற்குள் எல்லாம் வெளியே போய்விடும் என்று டாக்டரையே சொல்லவைக்கிறேன். நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். டீக்கடைப் பக்கம் விடமாட்டேன்.

நீ வந்ததும் மம்மி கீழே படுக்க, நான் உன் பக்கத்தில் படுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. ராத்திரியில் டாடி இருமினால் உன்னை எழுப்பலாம், தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. இன்னும் கொஞ்ச நாள் நானே கேட்டுக்கொள்கிறேன்.

இரும்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. இதைப் படித்துவிட்டு அழாதே, குட்டிக்கு ஆகாது. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தச் சனிக்கிழமை மட்டும் வராதே.

நீ எப்போது வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
சிந்தியா