யோகமலர் வாங்கிய வாள்

உவர்மலை,
திருகோணமலை.
29.10.1974

அன்பு மகள் யோகமலருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பத்திரகாளி அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிருக்குள் காய்ச்சல், தடிமன் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் வந்தது. தபால்காரர் படலையில் நின்று கூப்பிட, அடுப்பில் இருந்த பாலை மறந்து ஓடிப் போனேன், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பாலைக் கொட்டினதற்கு ஏசாமல், வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற அப்பா கடிதத்தைப் பறித்துத் தானே முதலில் வாசித்துவிட்டார். அதன் கடைசியில் நீ எழுதியிருந்தாய், பேசுகிற கலியாணச் சம்பந்தத்துக்கு இடைஞ்சல் என்றால் வாங்கிய யப்பான் வாளை விற்றுவிடுகிறேன், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று. அதற்கு மறுமொழி எழுதத்தான் இருக்கிறேன். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும், ஆகையால் பொறுமையாக வாசி, கடைசிப் பக்கத்துக்குப் பாயாதே.

முதலில் உன் படத்தின் கதை. யப்பான் வாள் சேர்க்கிறவர்களின் கூட்டத்தில், நரைத்த தலை வெள்ளைக்காரருக்கு நடுவில் நீ சீலை உடுத்து, பட்டுத் துணியால் வாளைத் தாங்கிக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தை நான் இந்த ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டேன். பேக்கரியில் பாண் வரிசையில் நின்றவர்களுக்கும் காட்டினேன். அப்பாவின் தங்கை அன்னலட்சுமி மாமி அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை ஏன் வாயிலை கடதாசியைக் கவ்விக்கொண்டு நிக்குது, அங்கை சாப்பாடு இல்லையோ என்று கேட்டார். மூச்சுப் பட்டாலும் எச்சில் தெறித்தாலும் அந்த இரும்பு கறள் பிடித்துவிடும், அதற்காகத்தான் என்று நீ எழுதியதை நான் பெரிய வாத்தியார் மாதிரி விளங்கப்படுத்தினேன். உன்னோடு படித்த கிண்ணியா ஜெமீலா தாய்வீட்டுக்கு வந்தவள் என்னையும் எட்டிப் பார்த்தாள், அந்தப் படத்திலை ஒண்டு எனக்கும் தாங்கோ மாமி, என்ர மகளுக்குக் காட்ட வேணும் என்று கேட்டுப் போயிருக்கிறாள், ஒரு பிரதி அனுப்பு. உன் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த பழைய கடற்படைக்காரர் சொன்ன வாள் கதையைக் கேட்டு ஆசைப்பட்டவள், உடனே கடைக்கு ஓடாமல், ஒரு வருடமாகக் கண்காட்சியும் புத்தகமுமாகத் திரிந்து, நூறு வாளைப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பெருமை. மினுக்கத்தையும் உறையையும் பார்த்து ஏமாறக் கூடாது, பிடியைக் கழற்றி உள்ளே இருக்கிற இரும்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சீலைக் கடையில் நான் முந்தானையைப் பார்க்காமல் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க, நீ சின்னப் பிள்ளையில் வெட்கப்பட்டு வாசலில் போய் நிற்பாய். இப்போது நீயும் அதைத்தானே செய்கிறாய்.

நீ கேட்டபடி எங்கள் வீட்டு வாளையும் கழற்றிப் பார்த்தோம். உலகச் சண்டை முடிந்த கையோடு, சரணடைந்த யப்பான்காரரின் வாள்கள் இங்குள்ள வெள்ளைக்காரக் கடற்படை ஸ்டோரில் விறகு மாதிரிக் குவிந்து கிடந்ததும், அங்கே வேலை செய்த இளந்தாரிகளுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்ததும் அப்பா உனக்குச் சொன்ன கதைதான். அப்படி அப்பாவுக்குக் கிடைத்த வாள்தான் அலுமாரிக்கு மேல் சாக்குக்குள் கிடந்தது. அதால் நான் முருங்கைக் கொப்பு வெட்டியதை நீ கண்டிருக்கிறாய், உன் சங்கத்துக்காரருக்கு அதை மட்டும் சொல்லிவிடாதே. கடிதம் வந்த அன்றிரவே அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி வேலை முடிந்து வந்த களைப்போடு, உன் கடிதத்தைக் கதிரையில் விரித்து வைத்துவிட்டு, பிடியில் இருந்த சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். பிடிக்குள் இருந்த பாகம் முழுக்கக் கறுத்த கறள், ஆணி இருந்த துளைக்குக் கீழே ஏதோ யப்பான் எழுத்து. அந்தக் கறளில் கை வைக்க வேண்டாம், வாளின் வயதைச் சொல்வதே அதுதான், செய்தவன் பெயர் வெட்டியிருந்தாலும் அங்கேதான் இருக்கும், புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் செய்கிற முதல் பிழை அதைத் தேய்த்து மினுக்குவது என்று நீ எழுதியதை அப்பா உரத்து வாசித்தார்.

வாசித்து என்ன செய்ய, அடுத்த நாள் பூசை. எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அப்பாவின் ஸ்பனர், என் கத்தரிக்கோல், அரிவாள், குத்துவிளக்கு எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்புவோம். உதவிக்கு வந்த மாமி, நான் மோதகம் அவித்துக்கொண்டிருந்த நேரம், கிணற்றடியில் மற்றச் சாமான்களோடு வாளையும் வைத்துக்கொண்டு, அந்தக் கறுத்த பாகத்தில் புளியைப் பூசித் தும்பால் தேய்க்கத் தொடங்கிவிட்டார். பாவம், நல்ல மனதோடு செய்ததுதான். நான் குசினியால் வெளியே வந்து கண்டுவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். நுனியில் ஒரு விரல் அகலம் வெள்ளையாகிவிட்டது, மிச்சம் தப்பியது, ஆணித் துளைக்குக் கீழே இருக்கிற எழுத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. கறள் பிடிச்ச இரும்பை ஆரும் சாமிக்கு முன்னாலை வைப்பினமோ அண்ணி என்று மாமி கோபித்தார். ஓம், நாங்கள் வைப்பம், என்ர பிள்ளை தேய்க்க வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, உன் பழைய பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்தேன். எல்லாம் மினுங்க அது மட்டும் கறுத்துக் கிடந்தது, எனக்கு அதுதான் வடிவாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம்தான் சாம்பல்தீவிலிருந்து குஞ்சித்தம்பியரும் மனைவியும் வந்தார்கள். லண்டனில் கணக்காளராக இருக்கிற மகனுக்கு உன்னைக் கேட்டிருப்பவர்கள், முகத்துக்கு நேரே குறை சொல்ல ஏலாத மரியாதையான சனம். அவலும் கடலையும் சாப்பிட்டார்கள், உன் படிப்பையும் வேலையையும் மெச்சினார்கள். பிறகு குஞ்சித்தம்பியர் பூசைத் தட்டில் கிடந்த வாளைப் பார்த்துவிட்டு, மெல்லத் தொண்டையைச் செருமி, பிள்ளை வாங்கின வாளை வித்துப்போட்டு, இனி அந்தக் கூட்டங்களுக்குப் போறேல்லை எண்டு ஒரு கடிதம் எழுதினால் போதும், தையிலை நாள் வைக்கலாம் என்று சொன்னார். உண்மையைச் சொல்லுகிறேன் மகள், என் மனம் ஆடிவிட்டது. உனக்கு இருபத்தொன்பது வயது, அங்கே காய்ச்சல் என்று படுத்தால் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துத் தரவும் ஆள் இல்லை, ஒரு இரும்புத் துண்டுக்காக நல்ல இடத்தை விடுவதா என்று நினைத்தேன். ஓம் என்கிற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. என்ன நினைத்தேனோ, உங்கட மகனுக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டேன். தாய்க்காரி சிரித்துக்கொண்டு, அவனுக்குக் கிரிக்கெட் பயித்தியம், சனி ஞாயிறிலை ஆளைப் பிடிக்க ஏலாது, சம்பளத்திலை பாதி அதுக்குத்தான் என்றார். கலியாணத்துக்குப் பிறகு அதை விடுவாரோ என்று கேட்டேன். அதென்ன கேள்வி, ஆம்பிளைப் பிள்ளையெல்லோ என்றார்.

அதோடு என் மனம் ஆடுவது நின்றுவிட்டது. என்ர மகள் வாளை விக்க மாட்டாள், கூட்டத்துக்கும் போவாள், அதுக்குச் சம்மதம் எண்டால் தையிலை நாள் வையுங்கோ என்று சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை, மோதகப் பார்சலையும் வாங்கிக்கொண்டு போனார்கள், ஆனால் நேற்று ஆள் மூலம் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேனே என்று எனக்குப் பயம்தான். அன்று இரவு வேலையால் வந்து நடந்ததைக் கேட்டவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு, நீ சொல்லாட்டி நான் சொல்லியிருப்பன், ஆனால் இவ்வளவு வடிவாய்ச் சொல்லியிருக்க மாட்டன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டு பாடியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஆகையால் மகள், வாளை விற்காதே. உன்னைக் கேட்காமல் ஒரு சம்பந்தத்தை விட்டதற்குக் கோபம் என்றால் என்னோடு கோபி, ஆனால் விற்காதே. இன்றைக்கு வாளை விடு என்கிறவர்கள் நாளைக்கு வேலையை விடு என்பார்கள், நீயும் விட்டுவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். உனக்கு ஒரு நல்ல துணை வர வேண்டும் என்று அம்மனுக்கு வைத்த நேர்த்தியை நான் விடவில்லை. உன் வாளுக்கும் சேர்த்து வீட்டில் இடம் வைத்திருக்கிற ஒருவன் வரட்டும், அவனுக்கு நானே மோதகம் அவித்துக் கொடுப்பேன்.

மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அப்பா அந்த எழுத்துகளை எடுத்திருக்கிறார், இதோடு வருகிறது. நல்ல கொல்லன் செய்ததோ, பட்டாளத்துக்கு மொத்தமாக அடித்ததோ, எதுவென்றாலும் மறைக்காமல் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மன் உன்னோடு இருப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, அந்த வாளை வாங்கிய பற்றுச்சீட்டில் உன் பெயர்தானே போட்டிருக்கிறார்கள்? கலியாணம் கட்டினாலும் அதை மாற்றாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கிற அம்மா,
சி. சீதேவி